ரத்தம் சொன்ன பிறகு

கர்ப்பத்தின் எட்டாம் மாதம் அவளிடம் பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தில் ஏதோ ஒன்று கூடுதலாக இருந்தது.

"பிரசவத்துக்கு அப்புறம் உங்களுக்கு மனச்சோர்வு வர வாய்ப்பு அதிகம். வந்தே தீரும்னு இல்ல," என்றார் டாக்டர். சொன்னது அவளிடம். பயந்தது கணவனும் மாமியாரும்.

குழந்தையோடு வீடு திரும்பியபோது குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. திருகாணி இருந்த இடத்தில் ஓட்டைகள்.

"துருப்பிடிச்சிருச்சு," என்றான் கணவன், முகம் பார்க்காமல்.

"பேசிக்கிட்டே குளிம்மா. சத்தம் கேக்கணும்," என்றாள் மாமியார்.

"நான் என்ன ரேடியோவா அத்தை?"

"ரேடியோ நின்னா நான் பதற மாட்டேனே."

அவள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு குளித்தாள். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி நின்றபோது கதவு விரற்கடை அளவு திறந்தது. இடுக்கில் ஒரு கண்.

வீட்டில் கத்தி கண்ணில் படவில்லை. பழம் நறுக்கியே வந்தது. பால் கொடுக்கும்போது எதிரே யாராவது உட்கார்ந்திருந்தார்கள். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவள் சொன்னால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரித்தாலும் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கொஞ்ச நேரம், தானும் பிள்ளையும் மட்டும்.

கணவன் வேலைக்குப் போன ஒரு மதியம் மாமியாரிடம் கெஞ்சி அதை வாங்கினாள்.

"மாடியில துணி காயப்போடுறேன். கூப்பிட்டா காதுல விழும்."

"கூப்பிடவே மாட்டேன், போங்க."

காலடி ஓசை படியேறி மறைந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். நிம்மதியாக இருந்தது.

குழந்தை அழுதது.

யார் வீட்டுக் குழந்தையோ. அதன் அம்மா இப்போது வந்துவிடுவாள். அவள் காத்திருந்தாள். அழுகை வீறிட்டது. யாரும் வரவில்லை. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று நினைத்தாள். கோபம்கூட வந்தது.

நெஞ்சில் ஈரம் பட்டது. குனிந்து பார்த்தாள். சட்டையில் பால் இரண்டு வட்டங்களாகப் பரவிக்கொண்டிருந்தது.

அறையில் வேறு பெண் யாரும் இல்லை.

எழப் பார்த்தாள். கால்கள் அசையவில்லை. தொட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையும் போகவில்லை.

"அத்தை!"

மாமியார் மூச்சிரைக்க ஓடிவந்து குழந்தையை அள்ளிக்கொண்டாள். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"டாக்டர்கிட்ட போகணும் அத்தை. இப்பவே." குழந்தையின் பக்கம் அவள் திரும்பவில்லை. "அதுவரைக்கும் என்னை இதுகூடத் தனியா விடாதீங்க."