மூன்று புள்ளி ஒன்று

இயந்திரம் ரத்தத்தை வாங்க மறுத்துவிட்டது. மாதிரி உறைந்திருக்கிறது என்று திரையில் சிவப்பு எழுத்து. அவள் டியூபை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். அடியில் கடுகளவுக் கட்டி ஒன்று மெல்லப் புரண்டது. பதினேழு வருடமாக இந்த ஆய்வுக்கூடத்தில் வேலை. ரத்தம் எடுத்த கையோடு டியூபை எட்டுப் பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். காலையில் அண்ணனுக்கு எடுத்தபோது அவளே மறந்திருந்தாள்.

"சே!"

பக்கத்து மேஜையிலிருந்த தோழி நிமிர்ந்தாள். "விட்டுடேன். டாக்டர் எழுதின டெஸ்ட்கூட இல்லையே, நீயாத்தானே போட்ட?"

"மறுபடி எடுத்துட்டு வரேன்."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடியும் படியேறினாள்.

அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. குழாய் வேலை. போன வருடம் கழுத்தில் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி வந்தது. லிம்ஃபோமா என்று தெரிந்த அன்று டாக்டரம்மா, "இருக்கறதுல நல்ல வகைதான். பெரும்பாலானவங்க தேறிடறாங்க" என்றார். 'பெரும்பாலானவர்கள்' என்ற சொல்லைக் குடும்பமே பிடித்துக்கொண்டது. அவள் பிடித்துக்கொண்டது ஓர் எண்ணை. வெள்ளணுக்களில் நோயை எதிர்த்து நிற்பது ஒரு வகை. கட்டிக்குத் துணைபோகிறதோ என்று சந்தேகிக்கப்படுவது இன்னொரு வகை. முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். விடை பெரிதாக இருந்தால் நல்லது என்று அவள் படித்த கட்டுரைகள் சொல்லின. வாராவாரம் வகுத்துப் பார்த்தாள். போன வாரம் ஒன்றுக்கும் கீழே இருந்தது, நேற்று இரண்டைத் தொட்டிருந்தது.

நேற்றுத்தான் டாக்டரம்மா வராந்தாவில் நிறுத்திச் சொன்னார்.

"இனிமே மருந்து கேக்காதும்மா. வீட்டுக்குப் போகணும்கிறாரு. கூட்டிட்டுப் போங்க."

"விகிதம் ரெண்டுக்கு வந்திருக்கே டாக்டர்."

"அது ஆயிரம் பேரைச் சேத்துப் பாத்துப் போட்ட கணக்கு. அதை வச்சு இவர் ஒருத்தருக்கு என்னன்னு சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்ததனால்தான் எரிச்சல் எரிச்சலாக வந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்த அண்ணியிடம் போய், "இன்னும் ஒரே ஒரு நாள் பாக்கலாம் அண்ணி" என்றாள். அண்ணி எதுவும் கேட்காமல் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஆஸ்பத்திரி விஷயத்தில் நாத்தனார் சொன்னால் அண்ணிக்கு மறுபேச்சு கிடையாது.

அவள் ஊசியோடு நுழைந்ததைப் பார்த்து அண்ணன் ஆக்ஸிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினான்.

"மறுபடியுமா?"

"உறைஞ்சுபோச்சுண்ணே."

"அடைப்பா? நாங்க இப்படி ரெண்டு தடவை போனா, வேலை தெரியாதவன்னு வாசல்லயே நிக்கவச்சுத் திட்டுவாங்க." சிரிக்கப் பார்த்து இருமினான். அடங்கியதும், "வீட்டுக்குப் போலாம்னு சொன்னேனே" என்றான்.

"சாயந்திரம் போலாம். இதை மட்டும் பாத்துடறேன்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு மற்றக் கையை நீட்டினான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது அவளுக்கு. நரம்பு அகப்படவில்லை. இரண்டாவது குத்தில் கிடைத்தது. குத்திய இரண்டு இடத்திலும் பஞ்சு வைத்து ஒட்டினாள்.

இந்தமுறை டியூபைக் கவிழ்த்து நிமிர்த்தியபடியே கீழே இறங்கினாள். இயந்திரம் மாதிரியை உறிஞ்சிக்கொண்டு ஓடத் தொடங்கியபோது ஃபோன் அடித்தது. அண்ணி.

"கொஞ்சம் வாயேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"இதோ அண்ணி, ஒரு நிமிஷம்."

"நீ போ, நான் எடுத்துட்டு வரேன்" என்றாள் தோழி. அவள் போகவில்லை. திரையில் பச்சைக் கோடு நத்தையாய் நகர்ந்தது. தாள் வெளியே வந்ததும் நின்றபடியே வகுத்தாள். நம்பாமல் இன்னொரு தடவை வகுத்தாள். மூன்று புள்ளி ஒன்று.

அறை வாசலில் கால் தயங்கியது. நர்ஸ் அண்ணன் முகத்திலிருந்த முகமூடியைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி கையில் தண்ணீர் டம்ளருடன் நின்றிருந்தாள்.

"என்னையேதான் பாத்துட்டிருந்தாரு. தண்ணி ஊத்தத் திரும்பினேன். அவ்ளோதான்."

அண்ணி அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"என்ன வந்துச்சு?"

"மூணு புள்ளி ஒண்ணு."

"அது நல்லதா?"

"நல்லது."

அண்ணி டம்ளரை வைத்துவிட்டு அவன் பக்கம் குனிந்தாள்.

"கேட்டீங்களா? நல்லா இருக்காம்."

ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. உடலை எடுத்துப்போக ஆட்கள் வருவதற்குள் துடைத்து உடை மாற்றிவிடலாம் என்று நர்ஸ் மெதுவாகச் சொன்னாள். "நானே செய்யறேன்" என்றாள் அவள். தாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இடது முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தன. ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். மயிர் சேர்ந்து இழுபட்டது. நிறுத்திவிட்டு, துணியை வெந்நீரில் நனைத்து அதன்மேல் வைத்துக் காத்திருந்தாள். பிறகு தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள்.

"அந்தக் கையில ரெண்டு இருக்கு" என்றாள் அண்ணி.

அவள் துணியை மறுபடி நனைத்துப் பிழிந்துகொண்டு கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள்.