அண்ணன் நிறுத்தி வைத்த தண்ணீர்

வீட்டுக்கு அடியிலிருந்த கீழ் அறைக்குப் போகும் படியில் காலை வைத்ததுமே தையற்காரி நின்றுவிட்டாள். தரையில் விளக்கு வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. அறை முழுக்கக் கணுக்கால் அளவுத் தண்ணீர்.

ஓரத்தில் அவளுடைய அண்ணன், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ரப்பர் குழாயும் கையுமாகப் பெருமையாக நின்றார். வீட்டில் எல்லோரும் அவரை ‘இன்ஜினியர்’ என்பார்கள். அவர் பார்த்த உத்தியோகம் என்னவோ பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பது.

“ராத்திரி பூரா தண்ணி நிறுத்தி வெச்சேன். ஒரு சொட்டு இறங்கல. விரிசலை நல்லாத்தான் அடைச்சிருக்காங்க.”

மொட்டை மாடி ஒழுகுகிறதா என்று அப்படித்தான் தண்ணீர் தேக்கிச் சோதிப்பார்கள். எங்கேயோ பார்த்திருக்கிறார், பாவம்.

“அண்ணா, மாடிக்குத் தண்ணி மேலேருந்து வரும். இங்க மண்ணுக்குள்ளேருந்து ஏறுது. நீ எதைச் சோதிச்சே?”

“தண்ணிக்கு மேலென்ன, கீழென்ன?”

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன மழையில் இந்தத் தரை வழியாக ஈரம் ஏறித்தான், அடுக்கி வைத்திருந்த பள்ளிச் சீருடை அத்தனையும் பூசணம் பிடித்தது. இப்போது வாடகைக்கு இருந்த தையல் கடையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இந்த வாரக் கடைசியில் தையல் மெஷின்கள் இங்கே இறங்கியாக வேண்டும். அதற்காகத்தான் தரையைச் சுரண்டி, விரிசல் அடைத்து, விசிறி வைத்துக் காயவிட்டிருந்தாள். இன்று நீர் தடுக்கும் பூச்சு. அது காய்ந்ததும், அதற்கு மேல் சமமாகச் சிமெண்ட் கலவை.

பூச்சுக்காரர் டப்பாவோடு வந்து எட்டிப் பார்த்தார். டப்பாவைக் கீழே வைக்கவே இல்லை.

“மீன் வளர்க்கப் போறீங்களாக்கா?”

“கிண்டல் அப்புறம். இறைச்சுட்டு இன்னிக்கே அடிக்க முடியுமா?”

“ஈரத்து மேல அடிச்சா கொப்புளம் கொப்புளமா எழும்பி உரிஞ்சு வந்துடும். தரை குடிச்ச தண்ணி வெளிய போகணும். ஒரு வாரத்துக்கு மேல ஆகும்.”

அந்த நேரம் பார்த்து, மணலை எங்கே கொட்டுவது என்று கேட்டுக்கொண்டு கலவைக்காரரும் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டவர் கையை வீசினார்.

“பூச்சே வேணாம்மா. நான் கெட்டியாப் போட்டுத் தர்றேன். இப்ப விட்டா அடுத்த மாசம்தான் வருவேன்.”

“அதான் சொல்றாரே, முடிச்சுட்டுக் கையைக் கழுவு,” என்றார் அண்ணன்.

சரி என்று சொல்ல வாய் திறந்தாள். தெருவில் நிற்கப்போகும் மெஷின்கள்தான் கண்முன் வந்தன. கூடவே, சீருடையை மூக்கருகே கொண்டுபோய் முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்த தாய்மார்களும்.

“அடுத்த மாசமே வாங்க,” என்றாள் கலவைக்காரரிடம்.

“அதுவரைக்கும் மெஷினை எங்க வைப்பே?” என்று அண்ணன் கேட்டார்.

“உன் வீட்டு ஹால்ல.”

அண்ணன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, போனை எடுத்து அண்ணியிடம் நடந்ததைச் சொன்னாள்.

“தாராளமா கொண்டு வா,” என்றாள் அண்ணி. “சோபாவை வெளிய போட்டாத்தான் உங்கண்ணன் எழுந்திருப்பார்.”

அண்ணனின் சிரிப்பு நின்றது. அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டிருந்தது. யாரும் சொல்லாமலே வாளியைத் தேடி எடுத்து இறைக்கத் தொடங்கினார்.

சாயங்காலம் அவள் போய்ப் பார்த்தபோது, அவர் தன் வீட்டு விசிறியையும் கொண்டுவந்து ஓட விட்டிருந்தார். மூலையில் குந்தி, தரையில் உள்ளங்கையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த இடம் காஞ்சிருச்சு போல இருக்கே?”

“இல்லண்ணா.”

அவர் விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்.