மாஸ்டர் நடந்து வந்த சரிவு

தையல் ஃபேக்டரியில் அவளை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது அடுக்குத் துணியை நீள மேசையில் விரித்து, வெட்டும் மெஷினை நூல் பிசகாமல் ஓட்டுகிற கட்டிங் மாஸ்டர். வீட்டில் அவள் புருஷனும் அப்படியேதான் கூப்பிடுவார். அவர் சலூன் வைத்திருந்தார். கத்தரி நின்றாலும் வாய் நிற்காத ஆள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், தெருமுனையில் திரும்பிய லாரி ஒன்று அவளுடைய வலது காலைத் தொடைக்குக் கீழே இல்லாமல் செய்துவிட்டது. செயற்கைக் கால் பொருத்தி வேலைக்குத் திரும்பினாள். ஆனால் மேசையோரமாக நாள் முழுக்க நின்று நகர முடியவில்லை. பொத்தான் தைக்கும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அந்தக் காலின் முழங்கால் வெறும் கீல். நீட்டி ‘டக்’கென்று சத்தம் வந்த பிறகுதான் பாரத்தை இறக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் மடங்கிக் கவிழ்த்துவிடும். அதனால் அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி நடந்தாள். ஒருநாள் பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் அவர் ஏதோ ஜோக் சொல்ல, அவள் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், கால் மடங்கி மழைத்தண்ணீரில் விழுந்தாள். அன்றிலிருந்து அவளோடு வீட்டு வாசலைத் தாண்டினால் அவர் வாயே திறப்பதில்லை. கை மட்டும் அவள் முதுகுக்குப் பின்னால், தொட்டும் தொடாமலும் நீண்டே இருக்கும்.

இந்த வருஷம் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் வைத்த முழங்கால் போட்டால் நடை எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதற்கு. தேர்ந்தெடுத்த பத்துப் பேரில் மாஸ்டரும் ஒருத்தி. முதலில் பழைய காலோடு சோதித்தார்கள். நேராக நடக்க வேண்டும், சரிவில் இறங்க வேண்டும், நடந்துகொண்டே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லவும் வேண்டும். அவள் ஒவ்வொரு கணக்குக்கும் நின்று நின்று சொன்னாள். சரிவில் பக்கவாட்டில்தான் இறங்கினாள்.

பிறகு புதுக் காலை ஒரு மாதச் சோதனைக்கு என்று பொருத்தினார்கள். தெரபிஸ்ட் சின்னப் பெண், கலகலப்பானவள்.

“அக்கா, இதுக்குள்ள சென்சார் இருக்கு. நீங்க எவ்வளவு சாயறீங்க, எவ்வளவு பாரம் வைக்கிறீங்கன்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். இறங்கும்போது மடக்கி அதுமேல உட்கார்ற மாதிரி பாரத்தைக் கொடுங்க. மெதுவா இறக்கிவிடும்.”

“மடங்கினா விழுந்துடுவேன்மா.”

“பழசு விழவைக்கும். இது தாங்கும்.”

புத்திக்குப் புரிந்தது, உடம்பு கேட்கவில்லை. முழங்காலை விறைப்பாக வைத்தபடி, வராத ‘டக்’ சத்தத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து நடந்தாள். இரண்டு வாரமாகியும் பழைய காலே தேவலை போலிருந்தது. அவர் மட்டும் தினமும் மறக்காமல் காலுக்கு சார்ஜ் போட்டார். அவருடைய போன் பாதி நாள் செத்துக் கிடந்தது.

மூன்றாவது வாரம், பயிற்சி சரிவின் உச்சியில் மாஸ்டர் பக்கக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பின்னாலேயே அவருடைய கை.

“அண்ணா, நீங்க கீழே போய் நில்லுங்க. உங்க கை இருக்கிறவரைக்கும் அக்கா அந்தக் காலை நம்ப மாட்டாங்க” என்றாள் தெரபிஸ்ட்.

அவர் முகம் வாடிப்போனது. கீழே போய் நின்றார். நின்ற இடத்தில் வாய் சும்மா இருக்குமா? பக்கத்தில் வந்து நின்ற தெரபிஸ்டிடம் கவலையைக் கொட்டினார்.

“இவ்வளவு கஷ்டப்படணுமாம்மா? பழையபடி கட்டிங்குக்குப் போகணும்னுதான் இந்தப் பாடு. போன வருஷமே மேனேஜர் முடிவெட்ட வந்தப்ப இவளைக் கூப்பிட்டாரு. நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன். பொத்தான் வேலையே போதும், உட்கார்ந்து பார்க்கட்டும்னு.”

மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. மேலே தெளிவாகக் கேட்டது.

“என்ன சொன்னீங்க?”

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “ஒண்ணுமில்லையே மாஸ்டர்.”

“யாரைக் கேட்டு வேணாம்னீங்க? மேனேஜர் என்னை மறந்தே போயிட்டாருன்னு ஒரு வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன். என் கைக்கு வயசாயிடுச்சோன்னு நினைச்சேன்!”

“நின்னு நின்னு வலிக்குமேன்னுதான்…”

“வலி எனக்குத்தானே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சு போயிடுவீங்க?”

அந்தக் கடைசி வார்த்தையை அவருடைய மூக்குக்கு முன்னால் வந்து நின்று சொன்னாள். தெரபிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவருக்கோ கண் கலங்கிவிட்டது.

“திட்டுறது இருக்கட்டும். கொஞ்சம் திரும்பிப் பாரு” என்றார்.

மாஸ்டர் திரும்பினாள். சரிவு முழுக்க அவளுக்குப் பின்னால் இருந்தது. கம்பியைப் பிடித்த ஞாபகமே இல்லை. கால் எப்போது மடங்கியது, எப்போது தாங்கியது, எதுவும் தெரியவில்லை. சரிவின் உச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, “பேச்சை மாத்தாதீங்க” என்றாள்.

அன்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். மேனேஜர் விஷயம் தீர்ந்ததும் பழைய பாக்கிகளுக்குப் போனாள்: அவர் தங்கை கல்யாணத்தில் நடந்தது, விற்றுவிட்ட சைக்கிள், ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது. நடுவில் ஒரு கல் தட்டியது. முழங்கால் தானாக இறுகி அவளை நிறுத்தியது. பிடிக்கப் போன அவரைப் பார்த்து, “கேட்கிறீங்களா இல்லையா?” என்று விட்ட இடத்தில் தொடர்ந்தாள். “கேட்கிறேன், கேட்கிறேன்” என்றார் அவர். ஐந்து வருஷமாக இந்த ரோட்டில் அவள் குரலை அவர் கேட்டதில்லை.

மாதக் கடைசியில் மறுபடி சோதனை. டாக்டர் தாள்களைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார். “வேகம் பெரிசா கூடலையே. பத்து மீட்டருக்கு ஒரு செகண்டுதான் வித்தியாசம். சரிவு மட்டும் நல்லா இறங்குறாங்க.”

“டாக்டர், வேகம் எங்களுக்கு எதுக்கு?” என்றார் சலூன்காரர். “இவ இப்ப ரோட்டுல பேசுறா. என் முகத்தைப் பார்த்துப் பேசுறா. அதை எழுதிக்குங்க.”

டாக்டர் அவளைப் பார்த்தார். “நடந்துக்கிட்டே கழிச்சுச் சொல்லுங்கம்மா.” நிற்காமல் நடந்தாள், நிற்காமல் சொன்னாள். இரண்டு கணக்கு தப்பு. டாக்டர் பேனாவை எடுத்தார். அந்தக் கால் அவளிடமே இருக்கட்டும் என்று முடிவானது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவரே மேனேஜரைப் போய்ப் பார்த்தார். “நான் சொன்னது தப்பு சார். அவங்களையே கேளுங்க.”

அடுத்த திங்கட்கிழமை மாஸ்டர் நீள மேசைக்கு முன்னால் நின்றாள். பள்ளிச் சட்டைக்கான நீலத் துணி நாற்பது அடுக்கு. மெஷினோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, லேசாக மடங்கிய முழங்காலில் பாரத்தை மாற்றி மாற்றி நகர்ந்தாள். முதல் வெட்டு கொஞ்சம் பிசகியது. யாரும் பார்க்குமுன் சரிசெய்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் காலைக் கழற்றியபோது தொடை முனை கன்றிச் சிவந்திருந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து ஈரத்துணியால் ஒற்றினார்.

“வலிக்குதா?”

“வலிக்குது. நாளைக்கும் போவேன்.”

“நான் ஒண்ணும் சொல்லலையே” என்றார் அவர்.