பின்சுவரின் உயரம்

வீட்டுக்காரம்மா ஆர்க்கிடெக்டிடம் கேட்டது இரண்டே விஷயம். வெயில் வர வேண்டும். யார் கண்ணும் வரக் கூடாது. வாடகை வீடுகளில் ஜன்னலைச் சாத்தியே காலம் தள்ளியவர். சொந்த வீட்டில் திரைத்துணி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மனையின் அகலம் இருபதடி. மூன்று பக்கமும் மாடி வீடுகள். ஜன்னல் இல்லாத சுவரைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

ஆர்க்கிடெக்ட் நடுவில் முற்றம் வைத்தாள். பின்சுவரை உயர்த்தினாள். காகிதத்தை மட்டும் நம்பாமல், சோபா வரப்போகும் இடத்தில் வீட்டுக்காரம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பின்வீட்டு முதல் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினாள். கீழே உட்கார்ந்திருப்பவர் இங்கிருந்து தெரிகிறாரா என்று பார்க்க வேண்டும் என்றாள்.

பின்வீட்டு அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"தாராளமா பாரும்மா. அடுப்புகிட்டேர்ந்து பாதிதான் தெரியும். இப்படித் தொட்டிப் பக்கம் வா, முழுசா தெரியும்."

தெரிந்தது. வீட்டுக்காரம்மா கையாட்டினார். அக்காவும் கத்தியோடு கையாட்டினார்.

கீழே கொத்தனார்கள் இருவர் கம்புகளில் கட்டிய தார்ப்பாயைச் சுவரின் உயரத்துக்குத் தூக்கினார்கள். வீட்டுக்காரம்மா மறைந்தார். சமையலறை இருண்டது. அக்கா விளக்கைப் போட்டுக்கொண்டு வெங்காயத்துக்குத் திரும்பினார்.

"தெரியுதா?" கீழிருந்து குரல் வந்தது.

"தெரியல." ஆர்க்கிடெக்ட் சொன்னது உண்மைதான். அத்தோடு இறங்கிப் போயிருந்தால் வேலை முடிந்திருக்கும். "மேடம், ஒரு நிமிஷம் மேல வாங்களேன்."

வீட்டுக்காரம்மா வந்தார். விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

"பகல்லயே லைட்டு போடுவீங்களா?"

"இல்லீங்க. இன்னிக்குத்தான்."

வீட்டுக்காரம்மா இறங்கிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "கொஞ்சம் இறக்குங்கப்பா."

தார்ப்பாய் சாண் சாணாக இறங்கியது. அக்கா விளக்கை அணைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... போதும், விரல் எது வெங்காயம் எதுன்னு தெரியுது" என்றார்.

"நான் தெரியுறேனா?"

"தலை மட்டும்."

"யார் தலைன்னு தெரியுதா?"

"உங்க தலைதாங்க. வேற யாரு இருக்கா அங்க?"

வீட்டுக்காரம்மா யோசித்தார். கொத்தனார்களுக்குக் கை கடுத்தது.

"சரி, தலைதானே. இருந்துட்டுப் போகட்டும்."

ஆர்க்கிடெக்ட் உயரத்தைக் குறித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் உயரமா?" அக்கா ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"என் தோள் வரைக்கும் வருவாரு."

"அப்போ அவருக்குப் பிரச்சினையே இல்ல."