இடது பக்கத்துத் தரை

தொண்ணூற்றேழில் ஒரு காலை. திருவான்மியூர் பஸ் நிலையத்தில் இசக்கியம்மாள் தினமும் செய்வதையே செய்தாள். வண்டி நிற்பதற்குள் இடது பக்க ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பையைப் போட்டு இடம் பிடிக்கப் பார்த்தாள். பை சீட்டில் விழவில்லை. தரையில் மோதும் சத்தம் கேட்டது.

ஏறிப் பார்த்தாள். பெண்கள் உட்காரும் இடது பக்கத்தில் முன்னால் இரண்டே சீட்டுகள். அவற்றிலும் ஆள். மற்றபடி வெறும் தரை, மேலே புதுக் கைப்பிடிகள்.

"டிரையல் வண்டிமா," என்றார் கண்டக்டர் வலியுல்லா. "கும்பல் தாங்கணும்னு சீட்டைக் கழட்டிக்கீறாங்க. உள்ள போ, நல்லா விசாலமா கீது."

கூட வேலை பார்க்கும் அமீனா பீயும் ஏறினாள். "நல்லாத்தான் இருக்கு இசக்கி. எவனும் வந்து இடிக்கல."

அந்த 'நல்லாத்தான்' என்பதுதான் இசக்கியம்மாளுக்கு உறுத்தியது. இவர்கள் வேலை பார்க்கும் தி. நகர் ஜவுளிக்கடையிலும் இப்படித்தான், வாடிக்கையாளர் நடமாட வசதி என்று முக்காலிகளை எடுத்தார்கள். அவை திரும்பி வரவில்லை. கடை சாத்தும்வரை நின்றேதான் சேலை விரிக்க வேண்டும். உட்கார மிச்சமிருந்தது இந்தப் பயணம் ஒன்றுதான்.

டிரைவர் பக்கத்தில் சலவைச் சட்டை போட்ட ஒருவர் நின்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் ஜெயராம் என்றார் கண்டக்டர். அடையாறில் ஏறிய கும்பல் முழுதும் உள்ளே அடங்கியது. படியில் ஒருவரும் தொங்கவில்லை. அவர் சிரித்த முகத்தோடு இவளிடம் வந்தார்.

"நிக்கறதுக்கு சௌகரியமா இருக்காம்மா?"

"ஆமான்னா எல்லா வண்டியிலயும் சீட்டைக் கழத்திருவீகளோ?"

"அப்படி ஒரு யோசனை."

"பொம்பள சீட்டை மட்டும் எதுக்குக் கழத்துனீக?"

"கதவெல்லாம் இடது பக்கந்தானே. அங்க காலியா இருந்தாத்தான் ஏற, இறங்க…" பாதியில் நிறுத்திக்கொண்டார். இடது பக்கம் யாருடையது என்பது அப்போதுதான் உறைத்ததுபோல அவர் முகம் மாறியது. நடிக்கிறார் என்று நினைத்தாள்.

சேலையை ஒதுக்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இது நிக்கற இடம்."

"நாள் பூரா நிக்கதுக்குத்தான் போறேன்."

அமீனா பீ தயங்கி, பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் சில பெண்கள் உட்கார்ந்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் ஆட்கள் படியில் தொங்கினார்கள்.

"இன்னாமா, மாநாடா?" என்றார் கண்டக்டர். "எந்திரிமா."

"எந்திரிச்சா சீட்டு முளைக்குமா?"

ஜெயராம் குனிந்தார். "சீட்டைத் திரும்பப் போடணும்னு நானே மேல சொல்றேன். சும்மா சொன்னா அவா கேக்க மாட்டா, புகாரா எழுதணும். உங்க பேர் என்ன, எங்க வேலை?"

அமீனா பீ வாயைத் திறந்தாள். இசக்கியம்மாள் அவள் முழங்காலை அழுத்தினாள். "மொதலாளிகிட்ட சொல்லிக் குடுக்கவா? நாங்க சும்மா துணி எடுக்கப் போறோம்."

தி. நகர் வரும்வரை எழுந்திருக்கவில்லை. இறங்கியதும் கடை இருக்கும் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் நடந்தாள்.

"அந்த ஆளு நெஜமாவே சீட்டுக்காகத்தான் கேட்டிருப்பாரு," என்றாள் அமீனா பீ. "லேட்டாகுது இசக்கி."

"பேசாம வா. எந்தக் கடைக்குள்ள போறோம்னு வண்டிப் படியில நின்னு பாத்துக்கிட்டிருக்காரு."