மேற்கே மேகமில்லை

முதியோர் இல்லத்து மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த சந்திரவல்லி, எதேச்சையாக வெளியே பார்த்தபோது கடலுக்குள் நிற்கும் பாறையின் மேல் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது. மஞ்சள் மழைக்கோட்டு இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளிடம் உண்டு. ஆனால் கம்பளிக் குல்லாவுக்கு மேலே துண்டை உருமாலாகக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிற ஆள் இங்கிலாந்துக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். பாறைக்கும் கரைக்கும் நடுவே, காலையில் அவள் வேலைக்கு வரும்போது வெறும் மணலாகக் கிடந்த இடம் இப்போது பளபளத்தது. கரண்டி கிழவியின் உதட்டருகே போய் அப்படியே நின்றது.

இந்தக் கடல் ஒரு நாளில் இரண்டு முறை உள்வாங்கும், இரண்டு முறை ஏறிவரும். உள்வாங்கிய நேரத்தில் ஜனங்கள் பாறைவரைக்கும் நடந்துபோய், ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். நர்ஸ் வேலைக்கு முதலில் தனியாக வந்து ஒரு வருஷம் இங்கே இருந்த அவளுக்கு அது தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால் மகளோடு வந்து சேர்ந்த புருஷன் அழகுராஜாவுக்குத் தெரியாது. அந்தப் பாறைக்குப் போகணும் என்று பவித்ரா ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். நேரம் பார்த்துப் போகச் சொல்ல வேண்டும் என்று சந்திரவல்லி நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்குள் நேற்றுச் சண்டை வந்துவிட்டது.

சண்டையும் புதிதல்ல. போடியிலிருந்து மலையேறி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பு அவனுடையது. போடிமெட்டு வளைவுகளில் அவன் ஹாரன் கேட்டால் லாரிக்காரனே ஒதுங்கி வழி விடுவான். அப்பேர்ப்பட்டவனை இங்கே எட்டு வயது மகள் கையைப் பிடித்து ரோடு தாண்ட வைக்கிறாள். "நான் போடிக்கே போறேன் வல்லி. இங்க நான் எதுக்கு?" என்றான். வேலை அலுப்பில் இருந்தவள், "போங்க மாமா. பிள்ளைய மட்டும் விட்டுட்டுப் போங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். கொட்டிய சொல்லை அள்ளவா முடியும்? காலையில் முகங்கொடுக்காமல் கிளம்பி வந்தாள். கடலைப் பற்றிச் சொல்லவில்லை.

போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். அவன் குரல் சாவகாசமாக வந்தது.

"பாறை மேல இருக்கோம் வல்லி. தண்ணி லேசா வந்திருக்கு. வடிஞ்சிரும்."

"வடியும்னு யாரு சொன்னா?"

"மேக்க துளி மேகம் இல்ல. பாத்துட்டுத்தான் இறங்குனேன்."

ஆற்றில் கால் வைக்குமுன் மேற்கே மலையைப் பார்ப்பது போடிப் பக்கம் தாய்ப்பாலோடு வருகிற பழக்கம். மலையில் மழைக் கருக்கல் இருந்தால் காட்டாற்றில் வெள்ளம் வரும், இல்லையென்றால் வராது. அவ்வளவுதான் கணக்கு. இங்கே மேற்கே மலை கிடையாது, கடல்தான் இருக்கிறது. வந்த புதிதில் அவளும் அப்படித்தான் வானத்தைப் பார்த்துவிட்டு மணலில் நடந்து, முழங்கால் நனைய ஓடிவந்தாள். வெட்கப்பட்டு அதை யாரிடமும் சொல்லவில்லை.

"மாமா, இது மழத்தண்ணி இல்ல. வெயிலடிச்சாலும் ஏறும். இன்னும் மூணு மணி நேரம் ஏறும்."

பிறகு வந்த குரல் வேறாக இருந்தது.

"அப்ப வெரசா வந்துர்றேன். இடுப்பளவுதான் இருக்கும். பிள்ளையத் தோள்ல வச்சுக் கொண்டாந்துருவேன்."

"வேண்டாம். கரையோரம் பள்ளம் இருக்கு, மேல பாத்தாத் தெரியாது."

"நான் பாக்காத தண்ணியா?"

மஞ்சள் கோட்டு உயர்ந்து துண்டுக்கு மேலே போனது. பிள்ளையைத் தூக்கிவிட்டான். ஒரு அடி இறங்கினான், இன்னொரு அடி. இப்போது இவள் கத்தினால் அவன் இறங்கியே தீருவான் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நேற்றுத்தான் சொல்லாமல் சொல்லியிருந்தாள். கும்பிடுகிற மாதிரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா. நமக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முந்தி, ஒருநா ஓடைக்கு இந்தப்பக்கமே ஜீப்ப நிப்பாட்டிட்டு எங்கம்மாவையும் மத்த பொம்பளைகளையும் பொழுது சாயிற வரைக்கும் உக்கார வச்சீங்களே. தோட்டத்து முதலாளி போன்ல வஞ்சாரு, நீங்க அசையல. எதுக்கு நிப்பாட்டுனீங்க?"

"அப்பா, குளுருது" என்று பவித்ராவின் குரல் மட்டும் கேட்டது.

"சொல்லுங்க மாமா."

"ஏறுற தண்ணியில இறங்கக்கூடாது," என்றான் மெல்ல.

"உச்சியில புல்லு இருக்குல்ல. அந்தப் பச்சை வரைக்கும் தண்ணி வராது. அங்க போய் உக்காருங்க."

அவன் நின்றான். நிற்கிறானே, நிற்கிறானே என்று அவள் உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் மஞ்சள் கோட்டு மெதுவாக மேலே ஏறியது. அவளுக்குப் பின்னால், கூட வேலை பார்க்கும் கேரளத்து நெடுங்கண்டத்துச் சேச்சி மீட்புப் படகுக்கு போன் பண்ணி முடித்திருந்தாள். "மோளே, நீ பொய்க்கோ. ஞான் நோக்கிக்கொள்ளாம்" என்று இவளைக் கிளப்பிவிட்டு, கிழவிக்கு ஊட்டக் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

படகு வந்து இறக்கிவிட்டபோது பவித்ரா தன் உடம்பைவிடப் பெரிய மிதவைச் சட்டையில் இருந்தாள். சந்திரவல்லி அவளைத் தூக்கி, ஈரத்தோடு அப்படியே நெஞ்சில் அழுத்திக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் கோபம் வந்தது. ஓடிவந்த வழியெல்லாம் புருஷனை ஏசுவதற்குச் சேர்த்து வைத்தது தொண்டைவரை நின்றது. அதற்குள் படகுக்காரர் அழகுராஜாவிடம் ஏதோ கேட்டார். கடல் ஏறும் நேரம் எழுதிய போர்டைப் பார்க்கவில்லையா என்று. அவன் புரியாமல் இவள் முகத்தைப் பார்த்தான். மூன்று மாதமாக யார் இங்கிலீஷில் பேசினாலும் பார்க்கிற பார்வை அது.

சொல்ல வேண்டியது நான்தான், நான்தான் சொல்லாமல் விட்டேன் என்று அவள் அவரிடம் இங்கிலீஷில் சொன்னாள். அந்த அளவு இங்கிலீஷ் அழகுராஜாவுக்குப் புரிந்தது. அவன் உருமாலை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"மேக்க பாத்துட்டுத்தான் வல்லி போனேன்."

"நானும் வந்த புதுசுல அங்கதான் பாத்தேன்."

அவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். நேற்றுப் பேசினதை இரண்டு பேருமே எடுக்கவில்லை. மூவரும் ஈரச் செருப்பு சப்தமிட மேடேறினார்கள். மேட்டில் ஏறும் இடத்தில், காலையில் தாண்டிப்போன அந்த போர்டின் முன்னால் அழகுராஜா நின்றுவிட்டான்.

"இத வாசி தாயி," என்றான் மகளிடம்.

பவித்ரா எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவன் அவள் விரல் போகிற வழியே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு, புரியாத இடத்தில் "இன்னொருக்கா" என்றான். அவர்களுக்குப் பின்னால் பாறை கொஞ்சம் கொஞ்சமாக முங்க, உச்சியில் ஒரு கைப்பிடிப் பச்சை மட்டும் தண்ணீர் எட்டாமல் நின்றது. மேற்கே வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.