செலவில் வராத தங்கச்சி

பழைய பியானோக்களைச் சரிசெய்து விற்கும், இரண்டே பேர் இருக்கும் பட்டறைக்கு அண்ணன் மேனேஜிங் டைரக்டர். விசிட்டிங் கார்டில் பொன்னெழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. மிச்சமிருப்பவளுக்குப் பதவி எதுவும் கிடையாது. தங்கச்சி, அவ்வளவுதான்.

அன்று அண்ணன் ஒரு முதலீட்டாளரை அழைத்து வந்தபோது, அவள் கிழட்டு கிராண்ட் பியானோ ஒன்றின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தாள். துருப்பிடித்த கம்பிகளை உருவிவிட்டு, கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் முறுக்காணிகள் நிற்காமல் தளர்ந்துபோன பலகையை மாற்றி, புதுக் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கீறல்.

"இது பியானோ இல்ல சார், மறுபிறவி! இதுக்கு ஒரு ஆன்மா இருக்கு," என்று அண்ணன் மூடியைத் தட்டிக் காட்டினார். போன வாரம் அவள் ஒட்டிய மூடி.

"ஆன்மா கிடக்கட்டும். செலவு?"

அண்ணன் மடமடவென்று ஒப்பித்தார். வாங்கிய விலை, பலகை, கம்பி, கம்பியைத் தட்டும் சுத்தியல்களுக்குக் கம்பளி, பாலிஷ், லாரி வாடகை, லாரிக்காரர் குடித்த டீ. "எல்லாம் போக, விக்கிற விலைல பாதி லாபம் சார்!"

"வேலைக்கூலி?"

"அதுவா? நம்ம தங்கச்சிதானே!"

அவளுக்குச் சுரீரென்றது. டீ கூடச் செலவில் வந்துவிட்டது.

"பிரமாதம்," என்றார் முதலீட்டாளர். "பத்து ஊர்ல பட்டறை போடலாமே!"

"போடுங்க," என்று அவள் தலையை வெளியே எடுத்தாள். "எங்கம்மாகிட்ட சொல்லி இன்னும் ஒன்பது தங்கச்சி பெத்துத் தரச் சொல்லுங்க."

"ஏய்! சொந்த அண்ணன்கிட்டயே கூலியா? வெக்கமா இல்ல?"

"கம்பிக்காரர் வெக்கப்பட்டுட்டா காசு கேட்டாரு? உன்கூடப் பொறந்த பாவத்துக்கு நான் மட்டும் ஓசியா?"

அண்ணனிடம் பேசிப் பயனில்லை என்று, தன் மாதக் கூலியையும் இந்த ஒரு பியானோவுக்கு ஆன மாதங்களையும் முதலீட்டாளரிடமே சொன்னாள். அவர் கைபேசியில் கணக்குப் போட்டார். இழவுச் செய்தி சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"நஷ்டம்."

"அது இவளைச் சேர்த்தா சார்! சேர்க்காம போட்டுப் பாருங்க!"

முதலீட்டாளர் பார்த்தது அவளை. யோசனை ஓடுவது முகத்திலேயே தெரிந்தது. "ஏம்மா, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? எனக்கு ஒரு பையன் இருக்கான். தொழில் நம்ம குடும்பத்துக்குள்ளேயே…"

அண்ணனின் முகம் மலர்ந்தே விட்டது.

"மருமகளுக்கும் இதே ரேட்டுதான் சார்," என்றாள் அவள், கைகளைத் துடைத்துக்கொண்டே. "பாதி முன்பணம். அண்ணனோ மாமனாரோ, யார் தந்தாலும் சரி, பணம் வந்தப்புறம்தான் அடுத்த கம்பி."

பாதிக் கம்பியோடு பியானோ வாய் பிளந்து நிற்க, அவள் விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.